வாள்திறமையை அளப்பது எப்படி? மிகுபுனைவு வீரர்களும் இயற்பியல் கணக்கும்

மிகுபுனைவுக் (ஃபேண்டசி) கதைகளில் ஊறியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: வாள் பிடித்தவர்களில் கெட்டிக்காரர் யார்? ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆரகோர்னா, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஜெய்மி லானிஸ்டரா, ‘விட்சர்’ கெரால்ட்டா, ‘வீல் ஆஃப் டைம்’ லான் மாண்ட்ராகோரனா? ஒருவர் கொன்ற ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்வார். இன்னொருவர், அது மந்திர வாளின் வேலை என்பார். மூன்றாமவர், அவன் மனிதனே இல்லையே, அவனை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாதம் முடிவதில்லை. காரணம், உடல், ஆயுதம், அதிர்ஷ்டம், கற்ற வித்தை ஆகிய நான்கையும் ‘திறமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். முதல் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் வித்தை. இப்படிக் கழிப்பதற்கு இயற்பியலும் உடலியலும் கொஞ்சம் நிகழ்தகவும் போதும்.

முதலில் ஆயுதத்தைக் கழிப்போம்

வாள் என்றாலே பத்துக் கிலோ இரும்பு என்ற எண்ணம் கதைகளால் வந்தது. ஐரோப்பிய இடைக்காலத்தின் ஒருகை வாள் சுமார் 1 கிலோ. இருகை நீள்வாள் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோ. போர்க்களத்துப் பெரிய இருகை வாள்கள்கூட 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் கனத்தவை பெரும்பாலும் ஊர்வலத்துக்குச் செய்தவை.

எடையைவிட முக்கியம், அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. ஒரு பொருள் சுழற்றலுக்குக் காட்டும் எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். அது எடையோடு நேர் விகிதத்திலும், சுழலும் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடும் கூடும். எடையை மாற்றாமல் அலகை இரு மடங்கு நீட்டினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வாளைத் திருப்பத் தாமதமாவது நீளத்தால்தான், எடையால் அவ்வளவு இல்லை.

கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழ் வெறும் அலங்காரம் இல்லை என்பதும் இதில்தான் புரியும். குமிழ் இல்லாத வாள் ஒன்றின் எடை 1.15 கிலோ, அதன் புவியீர்ப்பு மையம் கைக்காவலுக்கு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பி) முன்னால் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்காவலுக்குப் பின்னால் 22 செ.மீ. தூரத்தில் 250 கிராம் குமிழைப் பொருத்தினால் மொத்த எடை 1.4 கிலோ ஆகிறது, மையம் 12.5 செ.மீ.க்குப் பின்வாங்குகிறது. எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஆனால் பிடியில் முன்னால் இருக்கும் கையைச் சுற்றி வாளைத் திருப்பும்போது உண்டாகும் எதிர்ப்போ 4 அல்லது 5 சதவீதம்தான் கூடுகிறது, ஏனென்றால் குமிழ் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எடை கூடியும் வாள் கைக்கு லேசாகத் தெரிவது இதனால்தான். நல்ல நீள்வாளில் புவியீர்ப்பு மையம் கைக்காவலிலிருந்து 5 முதல் 15 செ.மீ.க்குள் அமையும். முனைக்கு நெருங்கினால் வெட்டு பலமாகும், திசை மாற்றுவது கஷ்டமாகும். பிடிக்கு நெருங்கினால் முனை சொன்ன பேச்சைக் கேட்கும், வெட்டில் பாரம் குறையும்.

இதை ஒரு மர ஸ்கேலிலேயே பார்த்துவிடலாம். ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, கையைப் பக்கவாட்டில் சின்னதாக, வேகமாக ஆட்டுங்கள். கீழே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஓர் இடம் மட்டும் அசையாமல் நிற்கும். அந்த இடத்தில் அடி பட்டால் விரலுக்கு உதறல் வராது. வாள் செய்பவர் அலகைச் சரித்து, குமிழைக் கூட்டிக் குறைத்து, இந்த அசையாப் புள்ளியை முனைப் பக்கம் நகர்த்துவார். அப்போது கை நகர்ந்தாலும் முனை எதிராளியைக் குறிபார்த்தபடியே நிற்கும். கூத்தாடியின் கையில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும் உண்மையான வாளுக்கும் இதுவே வித்தியாசம்.

இப்போது ஆளுயர வாள் சுமக்கும் வீரர்களைப் பார்ப்போம். 2 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம் உள்ள எஃகுப் பலகையின் எடை சுமார் 47 கிலோ. இதைத் தூக்கப் பலம் இருந்தால் போதும் என்பது பாதி உண்மை. மையம் கையிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்க, விநாடிக்கு 5 ரேடியன் வேகத்தில், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 விநாடி ஆகும்படி அதைச் சுழற்றினால், அது கையை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 940 நியூட்டன். 80 கிலோ எடையுள்ள வீரரின் மொத்த எடையே 784 நியூட்டன்தான். வாள் அவரைச் சுழற்றும், அவர் வாளைச் சுழற்ற மாட்டார். தசை எவ்வளவு இருந்தாலும் தரையைப் பற்றும் கால் உடல் எடையை நம்பித்தானே நிற்கிறது! இந்த வீரர்களை அழகுக்காக ரசிக்கலாம். திறமைப் பட்டியலில் வைக்க, அளக்க ஒன்றும் இல்லை.

மைக்கேல் மூர்காக் எழுதிய நாவல்களின் நாயகர் எல்ரிக்கின் கதை வேறு. மருந்தும் மூலிகையும் இல்லாமல் நிற்க முடியாத உடல் அவருடையது. வெட்டுண்டவரின் உயிரை உறிஞ்சி அந்த பலத்தை அவருக்குக் கொடுப்பது அவர் வாள் ஸ்டார்ம்பிரிங்கர். ஆயுதத்தைக் கழித்த நிமிடமே அவர் பெயரும் பட்டியலிலிருந்து கழிகிறது. பாத்திரமாக அவர் எத்தனை ஆழமானவர் என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்பவர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையின் வாள் ஆசான் சிரியோ ஃபோரெல். அவர் கையில் இருந்தது பயிற்சிக்கான மரவாள். அதை வைத்துக்கொண்டே ஆயுதம் தாங்கிய ஐந்து காவலர்களை வீழ்த்துகிறார். பிறகு முழுக் கவசம் அணிந்த வீரன் வந்ததும் மரவாள் துண்டாகிறது. இந்தக் காட்சி அறிவியல்படி சரியானது. கவசத் தகட்டை உண்மையான எஃகு வாளாலும் வெட்ட முடியாது. அக்குள், முகமூடித் துளை, முழங்கையின் உள்பக்கம் என்று இடுக்குகளில்தான் குத்த வேண்டும். அதற்கு நீள்வாளின் அலகையே இடக்கையால் பிடித்து ஈட்டிபோல் செலுத்தும் முறையை பழைய ஆசான்கள் தனியாகக் கற்றுக் கொடுத்தார்கள். கவசத்தின் முன்னால் மரத்துண்டு தோற்றதை ஆளின் தோல்வியாகக் கணக்கிடக் கூடாது.

உடலைக் கழித்தால்

கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய ஆரம்பிக்க மனிதருக்கு சுமார் 0.2 விநாடி தேவை. எது வரும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த 0.2. இடமா வலமா, தலையா தொடையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நேரம் ஏறும். வாய்ப்புகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, அதன் மடக்கைக்கு ஏற்ப நேரம் கூடுகிறது என்று 1952இல் வில்லியம் எட்மண்ட் ஹிக் காட்டினார். நல்ல ஆசான் மாணவரின் அனிச்சையை வேகமாக்குவதைவிட, எதிராளிக்குத் திறந்திருக்கும் கதவுகளைக் குறைக்கவே முதலில் சொல்லிக்கொடுப்பார். வாளை இடப்பக்கம் உயர்த்தி நின்றால் அந்தப் பக்கம் அடைபட்டது. வருவது வலமாகத்தான் வர வேண்டும். நான்கு கதவு ஒன்றானால் தேர்ந்தெடுக்கும் நேரம் மிச்சம்.

இன்னும் பெரிய மிச்சம் தூரத்தில் இருக்கிறது. 1599இல் ஆங்கிலேய ஆசான் ஜார்ஜ் சில்வர் எழுதியதன் சாரம் இது: கை வேகமானது, உடல் அதைவிட மெதுவானது, கால் எல்லாவற்றிலும் மெதுவானது. இதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். கையால் மட்டும் ஒரு வெட்டு 0.2 விநாடி, அடி எடுத்து வைத்து வெட்டினால் 0.5 விநாடி, தடுக்கும் அசைவு 0.15 விநாடி என்று எடுத்துக்கொள்வோம். எதிராளி அடி வைத்தால்தான் எட்டும் தூரத்தில் நாம் நின்றால், பார்க்க 0.2, தடுக்க 0.15, மொத்தம் 0.35. அவருக்கு 0.5 வேண்டும். தப்பிவிடுவோம், மிச்ச நேரமும் இருக்கும். ஓர் அடி உள்ளே வந்து, கையை நீட்டினாலே எட்டும் தூரத்தில் நின்றால், அவருக்கு 0.2 போதும். நமக்கு 0.35 வேண்டும். உலகத்தின் எந்தச் சாம்பியனும் அங்கே பார்த்துத் தடுக்க முடியாது.

இந்தக் கணக்கைக் கெரால்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சிறு வயதில் உடலை மாற்றி அமைத்த அரக்கவேட்டைக்காரர் (விட்சர்) அவர், மருந்துக் கரைசல் குடித்தால் அனிச்சை இன்னும் கூடும். அவருடைய எதிர்வினை நேரம் பாதி, அதாவது 0.1 விநாடி என்றே வைப்போம். கை தூரத்தில் அவருக்கும் 0.25 தேவை. 0.2இல் வரும் வெட்டு அவர் மேலும் விழும்! அப்படியானால் அந்த உடலால் அவருக்கு என்ன லாபம்? எதிராளி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே பாய்ந்தால், 0.1 விநாடியில் 20 செ.மீ. கடப்பார். மற்றவர்களைவிட 20 செ.மீ. நெருக்கமாக நின்றும் கெரால்ட் தப்பிக்க முடியும். நீளமான கை வாய்த்ததற்குச் சமமான லாபம் அது. பெரிய லாபம்தான், ஆனால் மாயம் இல்லை.

உடலைக் கழிப்பதில் ஒரு சிக்கலையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கெரால்ட்டின் அடையாளமே சுழன்று வெட்டுவது. விநாடிக்கு இரண்டு சுற்று வேகத்தில் ஒரு முழுச் சுழற்சிக்கு அரை விநாடி. அதில் பாதி நேரம் முதுகு எதிராளிக்குத் தெரியும், கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். சாதாரண உடலுக்கு இது தற்கொலை. அவருடைய வித்தை அவருடைய உடலுக்கு என்றே தைத்த சட்டை. உடலைப் பறித்தால் வித்தையின் ஒரு பகுதியையும் அவர் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும். அந்த அளவுக்கு அவர் பட்டியலில் கீழே இறங்குகிறார்.

‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ நாவல்களில் இரண்டு வளைவாள் ஏந்தும் டிரிஸ்ட் விஷயத்தில் உடலமைப்பே எதிர்வாதம் செய்கிறது. ஒற்றை வாள் பிடித்தவர் பக்கவாட்டில் திரும்பித் தோளை நீட்டிக் குத்தலாம். இரண்டு வாளையும் பயன்படுத்த நினைப்பவர் இரு தோளையும் எதிராளிக்கு நேராக வைக்க வேண்டும், எட்டும் தூரத்தில் ஒரு சாண் அங்கேயே போய்விடும். ஒரே நீள வாள்கள் ஒன்றோடொன்று சிக்கும். அதனால்தான் நிஜத்தில் இடக்கைக்குக் குத்துவாள் கொடுத்தார்கள், ஜப்பானின் மியாமோட்டோ முசாஷியும் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றே இரட்டை வாள் முறையை அமைத்தார். சம நீள இரட்டை ரேப்பியர் (நீண்ட, மெல்லிய குத்துவாகு வாள்) முறையை 1570இல் ஜாக்கோமோ டி கிராஸி எழுதியிருக்கிறார், ஆக முடியாதது இல்லை. ஒன்று தடுக்க மற்றொன்று அதே கணத்தில் தாக்கும் என்பது உண்மையான பலன். இரண்டு கையும் சமமாகப் பழகும்வரைதான் கஷ்டம். நூற்றாண்டுக் கணக்கில் வாழும் இனத்தில் பிறந்து, தந்தையிடமே பாடம் கேட்டவருக்கு அதற்கான நேரம் கிடைத்தது.

வாளும் வாளும் தொட்ட பிறகு

வித்தை என்று நான் சொல்வது எங்கே தெரியும் என்று கேட்டால், இரண்டு அலகுகள் குறுக்காக ஒட்டி நிற்கும் அந்தக் கணத்தைத்தான் காட்டுவேன். திரையில் இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தள்ளுவார்களே, அதேதான். ஆனால் திரையில் அது பல விநாடி நீள்கிறது. நிஜத்தில் அரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

இருவரும் வலத் தோளிலிருந்து சாய்வாக வெட்டுகிறார்கள். அலகுகள் மோதுகின்றன. மோதிய புள்ளி ஒருவர் கையிலிருந்து 20 செ.மீ., மற்றவர் கையிலிருந்து 60 செ.மீ. என்று வைப்போம். இருவருடைய மணிக்கட்டும் கொடுக்கும் திருப்புவிசை ஒரே அளவு, 10 நியூட்டன் மீட்டர். முதலாமவர் அந்தப் புள்ளியில் 50 நியூட்டன் விசையோடு தள்ளுகிறார். இரண்டாமவருக்குக் கிடைப்பது 17 நியூட்டனுக்கும் குறைவு. நெம்புகோல் விதி, வேறொன்றும் இல்லை. அலகின் அடிப்பாதி பலம், நுனிப்பாதி பலவீனம் என்று பல மரபுகளும் பிரித்ததற்குக் காரணம் இதுதான். மெலிந்த கை தடித்த கையை ஒதுக்கித் தள்ளுவது இங்கே நடக்கும். அதற்கு மூன்று மடங்கு பலம் வேண்டாம், 40 செ.மீ. இட அறிவு போதும்.

அடுத்தது தொடு உணர்வு. ஒட்டியிருக்கும் அலகு வழியாக எதிராளியின் அழுத்தம் உள்ளங்கைக்கு வருகிறது. தொடுதலுக்கு உடல் பதில் சொல்லும் நேரம், பார்வைக்குப் பதில் சொல்லும் நேரத்தைவிடக் குறைவு. தேர்வும் இரண்டே இரண்டு: கடினமா, தளர்வா? எதிராளி தளர்வாக இருந்தால் அப்படியே நேராகக் குத்து. கடினமாகத் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதே, உன் வாளை விலக்கிக்கொண்டு மறுபக்கம் சுற்றிப் போ, அவருடைய பலமே அவர் வாளை வெளியே கொண்டுபோய்விடும். 14ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆசான் யோஹான்னஸ் லீக்டனவர் வழிவந்தவர்கள் இதை ‘உணர்தல்’ என்றே அழைத்து, முந்துவது, பிந்துவது, அந்தக் கணத்திலேயே செய்வது என்று காலத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள்.

கற்றுக்கொள்பவர்கள் தவறும் இடமும் இதுவே. பயம் வந்தால் கை இறுகும், இறுகினால் அழுத்தம் கூடும். எதிராளி சட்டென்று விலகினால் வாள் 30, 40 செ.மீ. பக்கவாட்டில் ஓடிவிடும். அதை நிறுத்தித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர ஆகும் நேரத்தில் குத்து விழுந்து முடிந்திருக்கும். தன் முனை எதிராளியின் உடலைவிட்டு வெளியே போகாத அளவுக்கு மட்டும் அழுத்துவதுதான் பாடம். ஒரு கதையில் வீரர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று எழுத்தாளர் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரி நூறு பிணத்தைவிட நல்ல சாட்சி.

பத்துப் பேரை எதிர்த்த கணக்கு

ஒருவர் பலரை வெட்டிச் சாய்த்த காட்சிகளை எடைபோடுவது எளிது. பத்து எதிரிகள். ஒருவரை வீழ்த்த 2 விநாடி. வெட்டவெளியில் ஒரே நேரத்தில் நான்கு பேர் சூழ்ந்து தாக்க முடியும், ஒவ்வொருவரும் விநாடிக்கு ஒரு வீச்சு வீசுகிறார். முதல் ஏழு பேர் விழும்வரை சுற்றிலும் நால்வர் இருந்துகொண்டே இருப்பார்கள், பிறகு மூவர், இருவர், ஒருவர். கூட்டினால் 68 வீச்சு. இதே பத்துப் பேர் ஒரு குறுகிய வாசல் வழியே ஒவ்வொருவராக வந்தால் 20 வீச்சுதான். நம் வீரர் ஒவ்வொரு வீச்சையும் 98 சதவீத உறுதியோடு தடுக்கக்கூடியவர் என்று வைத்தால், வாசலில் அடிபடாமல் தப்பும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம், வெட்டவெளியில் 25 சதவீதம். வீரர் அதே வீரர். மாறியது நிற்கும் இடம்.

முசாஷி பலரை எதிர்க்கும் முறையைச் சொல்லும்போது, எதிரிகளை மீன் கோப்பதுபோல் ஒரே பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி விரட்டச் சொல்கிறார். வாசல் இல்லாத இடத்தில் கால்நடையாலேயே ஒரு வாசலை உண்டாக்குவது அது.

ஆரகோர்னின் புகழ் பெரும்பாலும் இப்படிப்பட்ட போர்களில் சம்பாதித்தது. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் இடம் வெற்றி பெற்ற இடம் இல்லை. ஹெல்ம்ஸ் டீப் கோட்டை முற்றுகையில் படிக்கட்டில் பின்வாங்கும்போது களைப்பில் அவருக்குக் கால் இடறுகிறது. தோழர் லெகோலஸ் கடைசி அம்பை எய்து முன்னால் வந்தவனைச் சாய்க்கிறார். தசையில் உடனே எரியும் பாஸ்போகிரியட்டின் கையிருப்பு முழு வேகத்தில் சுமார் 10 விநாடிக்கு மேல் தாங்காது, பிறகு உடல் மெதுவான வழிகளுக்கு மாற வேண்டும். உலோகக் கவசம் அணிந்து நடப்பதற்கே இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சக்தி செலவாகிறது என்று 2011இல் வெளியான ஆய்வில் நடைப்பட்டையில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இரவு முழுக்கப் போரிட்டவரின் கால் இடறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்போது அவருக்கு வயது 88, நீண்ட ஆயுள் கொண்ட வம்சம் என்றாலும். தாங்கும் திறனில், இடம் பார்த்து நிற்பதில், அவர் முதல் வரிசை. ஒற்றைக்கு ஒற்றை வாள்போர் நுட்பத்துக்கு அவர் விட்டுச்சென்ற சான்று குறைவு.

அதிர்ஷ்டத்தைக் கழிப்பது

ஒவ்வொரு சண்டையிலும் 95 சதவீதம் வெல்லக்கூடிய வீரர் இருபது சண்டைகளையும் கடந்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு 36 சதவீதம்தான். முசாஷி தாம் அறுபதுக்கு மேற்பட்ட சண்டைகளில் தோற்றதில்லை என்று எழுதியிருக்கிறார். அறுபது சண்டையைக் கடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்க வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் வெற்றி வாய்ப்பு 98.8 சதவீதத்துக்கு மேல் இருந்தாக வேண்டும். எதிராளியைத் தேர்ந்தெடுக்காமல், சமமானவர்களோடு மோதி இதை எட்ட முடியாது. தோற்காத வீரர் என்ற பட்டத்தைக் கதையில் பார்த்தால், யாரோடு மோதித் தோற்கவில்லை என்று உடனே கேளுங்கள்.

இந்தக் கேள்வியைச் சதுரங்கக்காரர்கள் தீர்த்துவிட்டார்கள். ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பத்துக்கு ஒன்று வாய்ப்பு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டக்காரர்கள் எல்லாரும் நேராகவோ சுற்றிவளைத்தோ ஒருவரோடு ஒருவர் மோதியிருக்க வேண்டும். தனித்தனிக் குளத்து மீன்களை ஒப்பிட அந்த முறைக்கு வழியில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையின் ஆர்தர் டேன் தன் உலகத்தில் எல்லாரும் வணங்கிய வாள்வீரர். அந்த உலகத்தின் சராசரி என்ன என்பது நமக்குத் தெரிந்தால்தானே அந்த வணக்கத்தை வேறு உலகத்துக்கு மாற்ற முடியும்? குளங்களை இணைக்கும் ஒரே பாலம், பக்கத்தில் விவரமாக எழுதப்பட்ட செயல்தான்.

லான் மாண்ட்ராகோரனின் கடைசிப் பெரும் சண்டை அப்படி விவரமாக எழுதப்பட்டது. தன்னைவிட வேகமான, அதற்கு முன் மூன்று சிறந்த வீரர்களைச் சாய்த்த எதிரித் தளபதி டெமாண்ட்ரெட்டின் வாளைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொண்டு, அதே கணத்தில் அவர் கழுத்தில் தன் வாளைச் செலுத்துகிறார். இன்றைய எப்பே (வாள்வீச்சு விளையாட்டின் ஒரு பிரிவு) போட்டியில் இரண்டு முனையும் 40 மில்லிவிநாடிக்குள் பட்டால் இரண்டு விளக்கும் எரியும், இருவருக்கும் புள்ளி. கூர்வாளில் அது இருவருக்கும் மரணம். இதயம் நின்றபிறகும் மூளையில் 10 முதல் 15 விநாடிக்குப் பிராணவாயு இருக்கும், அடிபட்டவர் திருப்பி வெட்ட அது தாராளம். அதனால்தான் வெட்டியவுடன் தன்னைக் காத்துக்கொண்டு பின்வாங்குவதை வெட்டின் பகுதியாகவே கற்பிக்கிறார்கள். நுட்பம் என்று பார்த்தால் லான் அங்கே இரட்டை அடி வாங்கினார். ஆனால் தன்னால் வெல்ல முடியாத ஆளைத் தன் உயிரை விலைவைத்து நிறுத்த முடியும் என்ற கணக்கு சரியாக இருந்தது. அதைச் செய்ய, எந்த வாளை எந்த இடத்தில் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் நிதானம் வேண்டும். அந்த நிதானத்துக்காக அவரை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

கை மாறிய இருவர்

வித்தை கையில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா என்பதற்கு மிகுபுனைவே இரண்டு சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது.

ஜெய்மி லானிஸ்டர் வலக்கையை இழந்தபின் இடக்கையால் இரவுதோறும் பயிற்சி செய்கிறார், இரவுதோறும் தோற்கிறார். இது சரியான சித்திரிப்பு. ஒரு கை கற்றதில் கொஞ்சம் மறுகைக்கும் போகும். தூரம் பார்ப்பது, எதிராளியின் தோளைப் படிப்பது, எப்போது பாய்வது என்ற முடிவு, இவை எல்லாம் மாறாமல் இருக்கும். மாறாமல் இருப்பதுதான் வேதனை: என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், முனை அங்கே போகாது. விரல் நுனியின் அளவான இறுக்கமும் மணிக்கட்டின் கோணமும் மறுகையில் புதிதாக ஆயிரக்கணக்கான முறை பழக வேண்டியவை. நிற்கும் காலும் மாறுகிறது, தடுப்பின் திசையும் கண்ணாடிபோல் புரள்கிறது. முப்பதைத் தாண்டிய வயதில், சில மாதங்களில் அது ஆகாது.

‘தி பிரின்சஸ் பிரைட்’ கதையில் இனிகோ மோண்டோயாவும் கறுப்புடை மனிதரும் செங்குத்துப் பாறை உச்சியில் மோதும் சண்டை இரண்டாவது சோதனை. என் பார்வையில் மிகுபுனைவில் இதைவிடச் சுத்தமான ஆய்வுக்கூடம் இல்லை. மந்திரம் இல்லை, கவசம் இல்லை. பாறையில் ஏறிக் களைத்த எதிராளி மூச்சு வாங்கி முடிக்கும்வரை இனிகோ காத்திருக்கிறார், ஆக சோர்வும் கழிந்தது. இருவரும் பேசிக்கொள்ளும் கப்போ ஃபெர்ரோ, அக்ரிப்பா, தீபோ மூவரும் நிஜ ஆசான்கள். அக்ரிப்பாவின் நூல் 1553இல் வந்தது, கப்போ ஃபெர்ரோவின் நூல் 1610இல். தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ற முறை எது, அதை முறிக்கும் முறை எது என்பதே அவர்கள் உரையாடல்.

இருவரும் இடக்கையால் தொடங்குகிறார்கள். உலகில் இடக்கையர் சுமார் 10 சதவீதம், உயர்மட்ட வாள்வீச்சில் அவர்கள் பங்கு அதைவிட அதிகம். வலக்கையரோடு மோதியே எல்லாரும் பழகுவதால், இடமிருந்து வரும் கோணம் பழக்கமில்லாமல் போகிறது. அதனால் இடக்கையால் ஆரம்பிப்பது முழு விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆனால் இருவருமே இடக்கை என்றால் அந்த ஆதாயம் ஒன்றையொன்று அடித்துவிடும், மிஞ்சுவது பழகாத கையின் குறை மட்டும். இனிகோ முதலில் வலக்கைக்கு மாறும்போது வாள் எதிர்ப் பக்கம் வருகிறது. கறுப்புடை மனிதர் அதுவரை அடைத்து வைத்திருந்த வெளிப்பக்கம் திறந்துபோகிறது, எல்லாக் கோடுகளும் புரள்கின்றன. அவர் அந்தக் குழப்பத்தையும் இடக்கையாலேயே சமாளித்துத் தாக்குப்பிடிக்கிறார். பிறகுதான் தானும் கை மாற்றுகிறார். மாற்றிய பிறகு சண்டை நீள்வதில்லை. இனிகோவின் வாளைத் தட்டிவிட்டு, கொல்லாமல் மயக்கம் போடவைத்துவிட்டுப் போகிறார்.

ஒரே ஒரு சண்டை என்பது சிறிய சான்று என்று சொல்லலாம். ஆனால் அது ஒரே வெட்டில் முடிந்த சண்டை இல்லை. இரண்டு கை, பலவகைத் தரை, பல மரபுகள் என்று பல சுற்றுகள் அதற்குள் இருக்கின்றன, ஒவ்வொரு சுற்றும் தனி அளவீடு. உடல், ஆயுதம், சோர்வு எல்லாம் சமமாக்கப்பட்டு, வித்தை மட்டும் மாறும்படி எழுதப்பட்ட இந்தச் சண்டையை வென்றவர் அவர். ஆகவே முதலிடம் கறுப்புடை மனிதருக்கு, இரண்டாவது லானுக்கு. மூன்றாவது இடத்தில், மரவாளோடு ஐந்து பேரைச் சாய்த்த சிரியோ ஃபோரெல். முழு வலக்கையோடு இருந்த ஜெய்மியின் சண்டைகள் இதே அளவு விவரமாக எழுதப்பட்டிருந்தால் இந்த வரிசை மாறியிருக்கக்கூடும். அவருடைய உச்சகாலம் கதை தொடங்கும் முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டது.